கஸ்தூரிக்கு ஒரு நெற்றி விளக்கு

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து மூன்று விளக்குகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றிலும் தலையில் மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் பட்டை இருந்தது. பெரியதை எடுத்துத் தன் தொப்பிக்கு மேலேயே மாட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? சுரங்கத்துல வேலையா?"

"இல்ல சார். பூப் பறிக்க."

அவர் என்னையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தார். "பூப் பறிக்க மலேசியாலேர்ந்து லைட்டு எடுத்துகினு வரீங்களா?" என்று சொல்லிவிட்டு, பையை மூடிக்கொள்ளும்படி கையசைத்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஆசைதான். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

நான் ஈப்போவில் மலையேறும் பொருள்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாள்களில் நானும் ஏறுவேன். எங்கள் ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். என் சித்தி மகள் கஸ்தூரி கீழ்பென்னாத்தூரை அடுத்த கிராமத்தில் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறாள். மல்லியை மொக்காகப் பறிக்க வேண்டும். விடியுமுன் பறித்து, திருவண்ணாமலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் பையை ஏற்றினால்தான் பூ மண்டியில் மதிப்பு. அதனால் டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பறிப்பாள். போன ஆவணியில் ஒருநாள் டார்ச் நழுவி விழுந்து அணைந்துவிட்டது. குனிந்து தடவியவளின் இடது கையைக் கண்ணாடி விரியன் கடித்தது. பிழைத்துக்கொண்டாள். சுண்டு விரல் மட்டும் இன்னும் மடங்குவதில்லை. அதற்குப் பிறகு இருட்டில் அவள் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை.

மாசி மாதத்தில் டெலிபோன் பூத்திலிருந்து ஈப்போவுக்குப் பேசினாள். "தலையில கட்டிக்கிற லைட்டு உங்க கடையில இருக்குதுன்னு சொன்னியேக்கா. நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துகினு வா. நடுவுல அணையக் கூடாது. வேற ஒண்ணும் கேக்கல."

நடுவில் அணையக் கூடாது. கடையில் என்னிடம் வருகிறவர்கள் எவ்வளவு தூரம் அடிக்கும், என்ன நிறம் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். கடை வெளிச்சத்தில் எல்லா விளக்கும் நல்ல விளக்காகவே தெரியும். அதனால்தான் மூன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த ஊர் இருட்டில் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

சென்னையில் ஏறிய திருவண்ணாமலை பஸ் செஞ்சியைத் தாண்டியதும் நின்றது. ரேடியேட்டர் குழாய் பிய்ந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. பயணிகள் இறங்கி, வேகவைத்த வேர்க்கடலை வாங்கிக் கொறிக்கத் தொடங்கினார்கள். இந்தப் பக்கத்தில் அதை மல்லாட்டை என்கிறார்கள். தட்டினால் எரிந்து தட்டினால் அணையும் ஒரு டார்ச்சை நடத்துநர் பிடித்திருக்க, ஓட்டுநர் கைத்துணியோடு போராடிக்கொண்டிருந்தார். நான் பெரிய விளக்கை எடுத்துக் கொடுத்தேன். அது ஹாலஜன் பல்பு போட்டது. தலைக்குப் பின்னால் தட்டையான பேட்டரி உட்காரும்.

ஓட்டுநர் மாட்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் மொத்தமும் துலங்கியது. சாலைக்கு அந்தப்பக்கம் கரும்பு வயல்கூடத் தெரிந்தது.

"யப்பா! இன்னா வெளிச்சம், பட்டப்பகல் மாரி!" என்றார். குழாயைக் கட்டி முடித்த பிறகும் கழற்ற மனமில்லாமல் சற்று நேரம் போட்டுக்கொண்டிருந்தார். "எங்கம்மா வாங்கினீங்க?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வந்த வேலை முதல் நாளே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் தூங்கிப்போனேன்.

மறுநாள் விடியுமுன் கஸ்தூரி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். வரப்புவரைதான் வந்தாள். அங்கேயே நின்று, "நீ போய்ப் பாருக்கா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் என் சட்டை முனையைப் பிடித்திருந்தது. மெதுவாக விடுவித்துக்கொண்டு, பெரிய விளக்கோடு நான் உள்ளே போனேன்.

மலையில் என்னை எத்தனையோ முறை காப்பாற்றிய விளக்கு அது. மல்லிச் செடி முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை. வெளிச்சம் ஒரு சிறு வட்டமாகக் குவிந்து இலைமேல் அடித்ததில், இலைப் பளபளப்பும் வெள்ளை, மொக்கும் வெள்ளை. எது எதுவென்று புரியவில்லை. வட்டத்துக்கு வெளியே ஒரே கறுப்பு. குனிந்தால் பேட்டரியின் கனம் பட்டையை இழுத்து விளக்கைக் கண்ணுக்குமேல் சரித்தது.

"அக்கா," வரப்பிலிருந்து கஸ்தூரி கூப்பிட்டாள். "அந்த லைட்டு பக்கத்துக் கொல்லையக் காட்டுது. உன் காலுகிட்ட ஒண்ணும் தெரியலியே."

அப்போதுதான் நான் என் காலைப் பார்த்தேன். தெரியவில்லை. ஒரு பிடி மொக்குகூடச் சேரவில்லை, வானம் வெளுத்துவிட்டது. தூரத்தில் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும், "பசியாறியாச்சா?" என்று கஸ்தூரியின் கணவர் ஏழுமலையைக் கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிட்டாயா என்று அப்படித்தான் கேட்போம். அவர் சிரித்துவிட்டார். "இன்னும் பசியே எடுக்கல அண்ணி, அதுக்குள்ள எங்க ஆற்றது?" கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வந்தன. ஈப்போவில் இந்நேரம் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். கூழ் அதைவிட நேராக வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது.

ஏழுமலை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு அண்ணி. ஆனா நான் டிராக்டர் சொல்லிட்டேன். வியாழக்கிழமை விடியக்கால வருது. மல்லிய எடுத்துட்டு சவுக்கு வெக்கப்போறேன்."

கஸ்தூரி பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் சொல்லல. நீயா சொல்லிட்ட."

"ஆமா, நானாத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில நீ கண்ணு தெறக்காம கெடந்த. வராண்டாவுல நின்னது நானு. உனக்கு இன்னா தெரியும்?"

அவர் பேச்சில் கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியாக இருந்தது. அவர் வெளியே போன பிறகு கஸ்தூரி என் பக்கம் திரும்பி, "அந்தச் செடியெல்லாம் நான் பதியன் போட்டு வளத்தது. வியாழக்கிழமைக்குள்ள பாத்துடலாம்க்கா" என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. திருவண்ணாமலை டவுனுக்குப் போனோம். பெரிய விளக்கைக் கைவிட எனக்கு இன்னும் மனமில்லை; செஞ்சியில் பாதி செலவான அதன் பேட்டரிக்கு மாற்று தேட வேண்டியிருந்தது. தேரடி வீதியில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினோம். தட்டைப் பேட்டரியைப் பார்த்த கடைக்காரர்கள் எல்லோரும் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒருவர் மட்டும் உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். "இது எடுத்துக்குங்க. முயல் புடிக்கறவங்க வாங்கினு போறது. லைட்டு தலையில, பேட்டரி இடுப்புல. சார்ஜ் போட்டா போதும்."

விளக்குக்கும் இடுப்புப் பெட்டிக்கும் நடுவே நீளமாக வயர் தொங்கியது. கஸ்தூரி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, கடை வாசலிலேயே குனிந்து நிமிர்ந்து காட்டினாள். வயர் அங்கே கட்டியிருந்த சாக்கு நூலில் மாட்டி இழுத்தது.

"செடியில மாட்டுங்க இது. அப்பறம் எங்க ஊர்ல கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு தெரியாது. சார்ஜ் ஏறலன்னா அன்னிக்கிப் பூ போச்சு."

கடைக்காரர் சிரித்தார். "அப்ப டார்ச்சே எடுத்துக்குங்கம்மா."

"டார்ச்சத்தான் வேணாம்னு வந்திருக்கேன்" என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

பெரிய கோபுரத்துக்கு எதிர்ப்பக்கச் சந்தில் இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் சாப்பிட்டோம். அந்தச் சட்னிக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம். பிறகு ஆட்டோவில் ரமணாசிரமம் பக்கம் போனோம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடம், அந்தத் தட்டைப் பேட்டரி ஒருவேளை அங்கே கிடைக்கலாம் என்பது என் யோசனை. கிடைக்கவில்லை. செங்கம் சாலையோரம் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இஞ்சி எலுமிச்சை டீ குடித்தோம். பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மலைமேலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்த கதையை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். "மேகம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்..." என்று ஒருவர் வருத்தப்பட்டார். கஸ்தூரிக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"சூரியன் மறைஞ்சப்பறம் எப்பிடி எறங்கினாங்களாம்?"

"லைட்டு வெச்சிருப்பாங்க."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "அப்ப நாமளும் ஏறுவோம்க்கா. கொல்லையில நின்ன எடத்துல நின்னு பறிக்கறோம். மலையில கல்லு, முள்ளு, ஏத்தம், எறக்கம் எல்லாம் இருக்குது. எது அணையுதோ, எது சரியுதோ, அது வேணாம். எது வூடு வரைக்கும் வருதோ அத வெச்சிக்கிறேன்."

கடையில் இத்தனை வருஷம் விளக்கு விற்றிருக்கிறேன். இவ்வளவு நல்ல சோதனையை நானே யோசித்ததில்லை.

புதன்கிழமை மத்தியான வெயில் தணிந்ததும் ரமணாசிரமத்துக்குப் பின்னாலுள்ள பாதையில் ஏறினோம். கஸ்தூரி செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டாள். "இந்த மலையில செருப்பு போட்டு ஏற மாட்டேன்" என்றாள். மலையேறும் பூட்ஸோடு அவள் பின்னால் நடக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஈப்போ குன்றுகளில் காடு மண்டி, வியர்வை காயாமல் ஒட்டும். இங்கே பாறை சுடுகிறது, காற்று வறண்டு வீசுகிறது, திரும்பினால் கோயில் முழுதும் காலடியில் வரைந்து வைத்த மாதிரி. கோபுரங்களை அவள் விரல் நீட்டிக் காட்டினாள். மடங்காத சுண்டு விரலும் சேர்ந்து நீண்டது. கல் போட்ட பாதை முடிந்த பிறகும் மேலே ஏறி, ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்து பொரிகடலை தின்றோம். சூரியன் மறையட்டும் என்று வேண்டுமென்றே காத்திருந்தோம்.

இறங்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் யாரோ முனகுவது கேட்டது. வெள்ளை முடி கத்தரித்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பந்தாய் வீங்கியிருந்தது. பெயர் ஆன்னா என்றும் ஹாலந்திலிருந்து வந்தவர் என்றும் சொன்னார். "எங்கள் நாட்டில் மலையே கிடையாது, அதனால் இறங்கவும் தெரியவில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பெரிய விளக்கைப் போட்டேன். ஆன்னாவை எழுப்பி நிறுத்தி நாலு அடி நடப்பதற்குள் வெளிச்சம் மஞ்சளாகி, செக்கச்சிவந்த ஒரு இழையாகச் சுருங்கி, நின்றுபோனது. மூன்றில் நடுத்தர அளவு விளக்கை எடுத்தேன். முந்தின நாள்தான் புது செல் போட்டிருந்தேன். சுவிட்சை அழுத்தினேன், எரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அதன் சுவிட்ச் மெத்தென்று முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். பைக்குள் தண்ணீர்ப் பாட்டில் அழுத்தியதில், ஏறத் தொடங்கியதிலிருந்து யாருக்கும் தெரியாமல் எரிந்து தீர்ந்திருக்கிறது.

இருட்டு சுற்றிலும் இறங்கியது. கஸ்தூரியின் மூச்சு சத்தமாகக் கேட்டது.

"மூணாவது ஒண்ணு இருந்துச்சேக்கா?"

இருந்தது. எல்.இ.டி. போட்ட சின்ன விளக்கு. வெள்ளை எல்.இ.டி. அப்போதுதான் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. வாடிக்கையாளர்கள் பொம்மை மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். கனமில்லையே என்று எடுத்து வந்தேனே தவிர, நானும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தோட்டத்தில் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. சுவிட்ச் கெட்டியாக இருந்தது, நகத்தால் நெம்பித் தள்ளினேன். நிலா வெளிச்சம் போல் மங்கலாக, அகலமாக, எங்கள் மூன்று பேரின் பாதங்களையும் சுற்றிப் பரவியது.

முதலில் நான் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் வருகிறவர்களுக்கு என் முதுகு நிழல்தான் தெரிந்தது. ஆன்னா தடுக்கி, "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்றார். கஸ்தூரி கை நீட்டினாள்.

"அதக் கொண்டா. நான் போட்டுக்கறேன். அவங்கள ரெண்டு கையாலயும் நான் புடிச்சிக்கறேன். நீ அந்தப் பக்கம் புடி."

வெறுங்காலோடு, ஏழு மாதமாக இருட்டில் தோட்டத்து மண் மிதிக்காதவள் இப்படிச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பட்டையைத் தலையில் இறக்கிவிட்டாள்.

அப்படியே மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி இறங்கினோம். கஸ்தூரி எங்கே பார்க்கிறாளோ அங்கே வெளிச்சம் போனது. ஒரு இடத்தில் ஆன்னா சறுக்கிக் கையை வீசியதில் விளக்கு தெறித்துப் பாறையில் விழுந்து உருண்டது. நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். விளக்கு ஒரு கல்லிடுக்கில் கிடந்து புல்லைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. கஸ்தூரி அதை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் கீழே, அவள் கை சட்டென்று எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தியது.

"அசையாதீங்க."

அடுத்து கால் வைக்க வேண்டிய பாறையின்மேல், பகல் சூட்டுக்காகச் சுருண்டு படுத்திருந்தது ஒரு சுருட்டை விரியன். பாறை நிறத்துக்கும் அதன் நிறத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. உடம்பை உரசி உரசி அது எழுப்பிய சரசரப்பு கேட்டது. ஆன்னா ஏதோ கேட்க, நான் அவர் வாயைப் பொத்தினேன்.

கஸ்தூரி ஓடவில்லை. தலையைக் கொஞ்சமும் திருப்பாமல், வெளிச்சத்தை அதன்மேலேயே வைத்திருந்தாள். "அக்கா, ஒரு குச்சி எடுத்து அந்தக் கல்லுல தட்டு. மெதுவா." தட்டினேன். மறுபடி தட்டினேன். விரியன் சுருள் பிரிந்து, பக்கவாட்டில் வளைந்து வளைந்து, பாறை விளிம்பில் இறங்கிப் புதருக்குள் போயிற்று. வால் மறையும்வரை வெளிச்சம் அதோடு போனது.

பிறகுதான் அவள் நடுங்கினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நன்றாக நடுங்கினாள். நடுங்கி முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நான் பாத்துட்டேன்க்கா. அது என்னப் பாக்கறதுக்கு முன்ன நான் பாத்துட்டேன்" என்றாள்.

அடிவாரத்தில் ஆட்டோ பிடித்து ஆன்னாவை ஆஸ்பத்திரியில் காட்டி, அவருடைய அறையில் விட்டோம். அவர் கஸ்தூரியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மொழியில் என்னவோ சொன்னார். எனக்கும் புரியவில்லை. கஸ்தூரி, "சரிங்க, சரிங்க, காலத் தொங்கப் போடாதீங்க" என்று தமிழிலேயே பதில் சொன்னாள். கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஒரு பெட்டிக்கடை திறந்திருந்தது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்தான் அந்தச் சின்ன விளக்குக்கும். கடைக்காரர் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார். தேரடி வீதி முழுக்க அலைந்தது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பாக இருந்தது. கஸ்தூரி இரண்டு ஜோடி வாங்கி ஒன்றை மடியில் முடிந்துகொண்டாள். எந்த விளக்கு என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

ஏழுமலையிடம் விரியனைப் பற்றி அவளே சொன்னாள். அவர் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

வியாழக்கிழமை நான் கண்விழித்தபோது கஸ்தூரியின் பாய் காலியாக இருந்தது. அவசரமாக வரப்புக்கு ஓடினேன். ஏழுமலை முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். இருட்டில், செடிகளுக்கு நடுவே, இடுப்புயரத்தில் ஒரு மங்கலான வெளிச்சம் சாலுக்குச் சால் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு செடியிடமும் முதலில் தரைக்குப் போனது, தூரைச் சுற்றி வந்தது, பிறகு மேலே ஏறி மொக்குகளின்மேல் நின்றது. இரண்டு கைகளும் பறிக்கும் சத்தம் சீராகக் கேட்டது.

"எப்ப வந்தா?" என்று கேட்டேன்.

"நான் வந்தப்பவே பாதி சால் முடிச்சிட்டா அண்ணி." அவர் கண்ணை எடுக்கவில்லை. "கூப்பிட்டேன். பேசாம இருன்னுட்டா."

அப்போது பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. டிராக்டர். கலப்பையை மாட்டிக்கொண்டு வண்டிப்பாதையில் திரும்பி வந்து வரப்போரம் நின்றது. அதன் இரண்டு பெரிய விளக்குகளும் தோட்டம் முழுவதையும் வெள்ளையாக அடித்தன. அந்த வெளிச்சத்தில் மடி நிறையப் பூவோடு, கண்ணைக் கூசிக்கொண்டு கஸ்தூரி நிமிர்ந்தாள்.

"எங்கேர்ந்து அண்ணே ஆரம்பிக்கட்டும்?" என்று ஓட்டுநர் ஏழுமலையைக் கேட்டார்.

ஏழுமலை பதில் சொல்வதற்குள் தோட்டத்துக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"யாரு அது? லைட்ட அமத்துய்யா! மொக்கு தெரியல!"

ஓட்டுநர் திகைத்து ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அமத்துப்பா" என்றார். "மேலாண்ட மல்லாட்டைக் கொல்லை சும்மாத்தான் கெடக்குது. போய் அத ஓட்டு."

விளக்குகள் அணைந்தன. கொஞ்ச நேரம் எதுவுமே தெரியவில்லை. பிறகு அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அது தரைக்குப் போய், தூரைச் சுற்றி, மேலே ஏறியது. ஏழுமலை பூப் பையை எடுத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கவனமாகக் கால் வைத்து உள்ளே நடந்தார்.

அன்றைக்கு முதல் பஸ்ஸில் பூ போயிற்று.